வனவாசமும் பாவசங்கீர்த்தனமும்

கடந்த தவக்காலத்தில் ஒரு மாலை, சிலுவைப் பாதை முடிந்து மக்கள் கலைந்தபின், நமது பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கையில் ஒரு பழைய நூலோடு வந்து நின்றார். அட்டை கிழிந்து, செய்தித்தாளால் உறையிடப்பட்டிருந்த அந்நூல் கவிஞர் கண்ணதாசனின் 'வனவாசம்'. ஒன்பது ஆண்டுகள் தாம் ஊழியம் செய்த ஓர் அமைப்பை விட்டு வெளியேற அவர் முடிவு செய்திருந்தார். அங்கே நடப்பவை அவர் மனச்சாட்சிக்கு ஒவ்வவில்லை. முடிவைப் பற்றி அவருக்கு ஐயமில்லை. கேள்வி வேறொன்றாக இருந்தது. "வெளிய வந்தா, உள்ள நடந்ததையெல்லாம் இவரு மாதிரி சொல்லித்தான் ஆகணுமா சாமி? சொல்லாமப் போனா அது கோழைத்தனமா?"

உடனே விடை கூற நமக்கு இயலவில்லை. குருமட நாள்களில் ஒளித்து வைத்துப் படித்த அந்நூலை மீண்டும் வாசித்துவிட்டுச் சொல்வதாக வாங்கி வைத்துக்கொண்டோம். அவ்வாசிப்பின் விளைவே இக்கட்டுரை.

காரைக்குடியில் வாழும் நமக்குக் கண்ணதாசன் அயலார் அல்லர். பேருந்து நிலையத்தருகே அவருடைய மணிமண்டபத்தைக் கடந்து செல்லாத நாளில்லை. 1927-ஆம் ஆண்டு சூன் 24-ஆம் நாள், இங்கிருந்து தொலைவில் இல்லாத சிறுகூடல்பட்டியில் சாத்தப்பன், விசாலாட்சி இணையருக்குப் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் முத்தையா. பின்னர் சிகப்பி ஆச்சி என்பவருக்கு ஏழாயிரம் ரூபாய்க்குச் சுவீகாரம் கொடுக்கப்பட்டு நாராயணன் ஆனார். பிள்ளை கூட்டிக்கொள்வது செட்டிநாட்டில் இயல்பான வழக்கமே. இவ்வூர்ப் பெரிய வீடுகளின் பிள்ளைகள் பெட்டியடிப் பையன்களாகப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியதும் அத்தகையதே. குழந்தையின் திருப்புமுனையைப் பெரியவர்கள் தீர்மானித்தனர். குழந்தை அதற்குப் பழகிக்கொண்டது. எட்டாம் வகுப்போடு கல்வி நின்றுபோன இச்சிறுவன் பதினாறு வயதளவில் யாரிடமும் கேளாமல் சென்னைக்குப் புறப்பட்டான். பிறர் முடிவு செய்த வாழ்வில் அவன் தானாக எடுத்த முதல் முடிவு அது. அங்கே சந்திரசேகரன் என்றொரு பெயர். பின்பு 1944-இல் புதுக்கோட்டைத் 'திருமகள்' ஏட்டில் பணியேற்கையில் கண்ணதாசன் என்னும் பெயர்.

இப்பெயரைப் பற்றிச் சற்று நின்று சிந்திக்கத் தோன்றுகிறது. விவிலியத்தில் பெயர்மாற்றம் இறைவனின் செயல். ஆபிராம் ஆபிரகாம் ஆனதும், சீமோன் பேதுரு ஆனதும் அழைத்தவரின் விருப்பத்தால். இவரோ தம் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். ஆயினும், அவர் தேர்ந்த சொல் தாசன், அடியான். பெயரில் ஒரு கடவுளுக்கு அடிமை பூண்டவர், அடுத்த பல ஆண்டுகளைக் கடவுள் மறுப்புப் பேசிய இயக்கத்தில் கழித்தார். அப்பெயரை மாற்றவேண்டும் என்று அவருக்குத் தோன்றாதது ஏன்? தோழர் பலர் தம் வடமொழிப் பெயர்களைத் தனித்தமிழாக்கிய காலம் அது என்பதை நினைக்கையில் இக்கேள்வி வலுப்பெறுகிறது.

'வனவாசம்' பிறப்பில் தொடங்கி, 1961-இல் அவர் திராவிட முன்னேற்றக் கழகத்தை விட்டு வெளியேறியதோடு முடிகிறது. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வியக்கத்தில் இருந்தார். 1953-இல் டால்மியாபுரம் போராட்டத்தில் சிறை சென்றார். 1957-இல் நம் அருகிலுள்ள திருக்கோட்டியூர்த் தொகுதியில் நின்று தோற்றார். அந்தக் காலம் முழுவதையும் காட்டில் திரிந்த காலமாகக் கருதியே நூலுக்கு இப்பெயரை இட்டார். இராமன் தந்தை சொல் காக்கக் காடேகினான். இவர் தாமே விரும்பிப் போனார் என்பதை மறைக்கவில்லை. அதுவே நூலின் முதற்சிறப்பு.

இரண்டாம் சிறப்பு, நூல் முழுவதும் தம்மை 'அவன்' என்றே அவர் குறிப்பிடுவது. புனித அகுஸ்தினாரின் 'ஒப்புதல்களை'க் குருமடத்தில் பாடமாகப் பயின்ற நமக்கு இவ்விடத்தில் ஒப்புநோக்காமல் இருக்க முடியவில்லை. அகுஸ்தினார் 'நான்' என்று தொடங்கி 'நீர்' என்று இறைவனை நோக்கிப் பேசுகிறார். கேட்பவர் ஒருவர் எதிரில் இருப்பதால் அவரால் மிகைப்படுத்தவும் இயலாது, மழுப்பவும் இயலாது. கண்ணதாசனோ தம்மைத் தெருவில் போகும் மூன்றாமவனாகத் தள்ளி நிறுத்திக் காண்கிறார். மது, மாதர், கடன், பொறாமை எதையும் விடவில்லை. 'நான்' என்று எழுதியிருந்தால் கூசியிருக்கக்கூடியவற்றை 'அவன்' என்பதால் கூசாமல் எழுத முடிந்தது. தமிழில் பொது வாழ்வினர் எழுதிய தன்வரலாறுகள் பெரும்பாலும் தம்மைத் தாமே ஆலவட்டம் வீசிக்கொண்ட நூல்கள். அவற்றின் நடுவே இத்துணிவு பெரிது. அதே வேளையில் ஓர் ஐயமும் எழுகிறது. பாவம் செய்தவன் 'அவன்' என்றால், மனம் வருந்துபவன் யார்? பல பக்கங்களில், தன் வீழ்ச்சியைத் தானே வேடிக்கை பார்க்கும் ஒருவரின் குரலே கேட்கிறது.

நம் தலைமுறை ஞானோபதேச வகுப்பில், நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து என்று மனப்பாடம் செய்தோம். பாவங்களை நினைவுகூர்தல், மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்தல், குருவிடம் வெளிப்படுத்தல், அபராதம் தீர்த்தல். 'வனவாசத்தில்' முதலாவதும் நான்காவதும் நிறைந்து வழிகின்றன. இரண்டாவது ஆங்காங்கே தலைகாட்டுகிறது. மூன்றாவதைத் தேடவேண்டியிருக்கிறது. வாழக்கூடாத வகையில் வாழ்ந்ததே பிறருக்கு வழி சொல்லும் தகுதியைத் தமக்குத் தந்தது என்பது அவர் பலகாலும் கூறிய கருத்து. அது உண்மையின் ஒரு பாதி என்று நினைக்கிறோம்.

ஆயினும் நூலின் மெய்யான குறை அதுவன்று. பிரதிக்கினையில் தவறாதவர் நம்மில் யார்? தம் பாவங்களைச் சொல்லிக்கொண்டே வரும் ஆசிரியர், பாதி வழியில் பிறர் பாவங்களுக்குள் புகுந்துவிடுகிறார் என்பதே குறை. 1959-ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சித் தேர்தல் வெற்றிக்குப்பின் கூட்டத்தில் அணிவிக்கப்பட்ட ஒரு மோதிரத்தின் கதை இந்நூலிலிருந்து மேடைகளில் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லப்பட்டுவிட்டது. 'வனவாசம்' என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த மோதிரம் ஒன்றே. தம் தாயைப் பற்றியும், தம் வறுமையைப் பற்றியும் அவர் எழுதிய அரிய பக்கங்கள் அதன் ஒளியில் மறைந்துபோயின. குற்றம் வாசகருடையது மட்டுமன்று; அப்பகுதிகளை எழுதுகையில் ஆசிரியரின் எழுதுகோல் மிகுந்த சுவையோடு ஓடுகிறது.

அகுஸ்தினாரும் ஓர் இயக்கத்தை விட்டு வெளியேறியவரே. மானிக்கேயரிடம் ஒன்பது ஆண்டுகள் செவிமடுப்போராக இருந்தார். அவர்களுடைய பெரிய ஆசான் ஃபௌஸ்துஸ் வந்தால் எல்லா ஐயங்களும் தீரும் என்று காத்திருந்தார். அவர் வந்தார், ஐயங்கள் தீரவில்லை. 'ஒப்புதல்களின்' ஐந்தாம் நூலில் இதை விவரிக்கிறார். ஃபௌஸ்துஸை ஏளனம் செய்ய அதைவிடத் தக்க தருணம் வேறில்லை. அவர் கல்வி ஆழமற்றது என்று சொல்லத்தான் செய்கிறார். ஆனால், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் அடக்கம் அம்மனிதரிடம் இருந்தது என்பதையும், அது தமக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறவாமல் பதிவு செய்கிறார். மனமாற்றம் நிகழ்ந்தது 386-இல். நூலை எழுதத் தொடங்கியதோ 397-ஐ ஒட்டி. பத்தாண்டுகள் கடந்திருந்தன, அவர் ஆயராகியிருந்தார். காயம் ஆறியபின் எழுதியதற்கும், குருதி கசிகையில் எழுதியதற்கும் உள்ள வேறுபாடு அது. கண்ணதாசனுக்கு அந்த ஆறுதற்காலம் வாய்க்கவில்லை, அல்லது அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை.

மாற்கு நற்செய்தியிலும் இதற்கொரு சான்றுண்டு. இயேசு கைதானபோது சீடர் அனைவரும் அவரை விட்டு ஓடினர் என்பது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பேதுருவின் மறுதலிப்போ தீக்காய்ந்த முற்றம், பணிப்பெண், சேவல் கூவியது, அழுகை என்று விரிவாகச் சொல்லப்படுகிறது. பேதுருவின் போதனையைக் கேட்டே மாற்கு எழுதினார் என்பது இரண்டாம் நூற்றாண்டிலிருந்து வரும் மரபு. அம்மரபை ஏற்றால், தலைமைத் திருத்தூதர் தம் வீழ்ச்சியை முழுமையாகவும், தோழர்களின் வீழ்ச்சியை ஒரு வரியாகவும் சொல்லி வந்தார் என்றாகிறது.

இவ்வாறு எழுத நமக்குத் தகுதியுண்டா என்பதையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்கிலிருந்து மாற்றலாகிப் புறப்பட்ட ஞாயிறன்று, கடைசி மறையுரையில் நம் மனக்கசப்பையெல்லாம் பீடத்திலிருந்து கொட்டினோம். சொன்னவை பொய்யல்ல. அதைத் துணிவு என்றே அன்று நம்பினோம். திருப்பலி முடிந்து, வழியனுப்ப வந்திருந்த முதியவள் ஒருத்தி, "போறப்ப இப்படிப் பேசிட்டீங்களே சாமி" என்று மட்டும் சொன்னாள். 'வனவாசத்தின்' பிற்பகுதியைப் படிக்கையில் அக்குரல் திரும்பத் திரும்பக் கேட்டது.

கண்ணதாசனுக்கு நீதி செய்வதாயின் 1961-இல் நின்றுவிடக் கூடாது. ஈ.வெ.கி. சம்பத்தோடு தமிழ்த் தேசியக் கட்சியில் சேர்ந்தார்; அது 1964-இல் காங்கிரசில் இணைந்தது. அங்கும் அவருக்கு நிம்மதியில்லை என்பதை 'மனவாசம்' காட்டுகிறது. கட்சி மாறியதை அவருடைய திருப்புமுனையாகக் கொள்ள நம்மால் இயலவில்லை. அது அதற்கு முன்பே, ஓசையின்றி நிகழ்ந்திருந்தது. பழிப்பதற்காகக் கம்பனைக் கையிலெடுத்தவர் அக்கவிதையில் தோற்றுப்போனார் என்று அவரே கூறியிருக்கிறார். சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் கண்ட ஊரில் வாழும் நமக்கு இச்செய்தியில் தனி மகிழ்ச்சி உண்டு. மேடை அறியாத அம்மாற்றமே பின்னாளில் 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதவைத்தது. திருச்சி கலைக்காவிரியின் அழைப்பை ஏற்று 'இயேசு காவியம்' பாடவும் வைத்தது. 1981 அக்டோபர் 17-இல் சிகாகோவில் அவர் மறைந்தபோது அகவை ஐம்பத்துநான்கு. அடுத்த ஆண்டு அக்காவியம் வெளிவந்தது. நம் இல்லங்கள் பலவற்றில் அது விவிலியத்தின் அருகே இருக்கிறது. அதைப் பாடியவர் எந்தக் காட்டைக் கடந்து வந்தார் என்பதை அறிய 'வனவாசத்தை'யும் அதனருகே வைக்கலாம்; ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

உயிர்ப்புப் பெருவிழா கழிந்து இளைஞர் வந்தார். ஒருவருக்கு இன்றும் தீங்கு நிகழ்ந்துகொண்டிருக்குமானால், அதைத் தடுக்கக்கூடியவரிடம் சொல்வது கடமை. அதில் மௌனம் பாவம். அது தவிர்த்த மற்றவற்றைப் பத்தாண்டுகள் கழித்தும் எழுதலாம் என்றோம். முதல் வகையில் ஒன்று உண்டு என்றும், அதை உரியவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டதாகவும் கூறினார். பிறகு வேலைதேடி வெளியூர் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார். நூலைத் திருப்பிக் கொடுத்தோம், வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே வச்சுக்கங்க சாமி. அந்த அகுஸ்தினார் புத்தகம் கிடைக்குமா?" என்றார்.

அவர் சென்றபின் 'வனவாசத்தை' மீண்டும் புரட்டினோம். முதல் வாசிப்பில் கவனியாத பென்சில் கோடுகள் சில இருந்தன. மோதிரம் வரும் பக்கத்தில் எதுவுமில்லை. சிறுவன் வீட்டை விட்டுச் சென்னைக்குப் புறப்படும் பகுதியில் இரு பக்கங்கள் முழுவதும் கோடிட்டிருந்தார்.