தீர்ப்பும் இணக்கமும்: ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ ஆவணப்படத்தை முன்வைத்து

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி போன்ற சிற்றூர்களில், இன்று வழக்காடிய இருவர் நாளைக் காலை ஒரே கடைவீதியில் எதிரெதிரே வந்தாக வேண்டும். தீர்ப்போடு உறவு முடிந்துவிடுவதில்லை. ஜமாஅத் பஞ்சாயத்துகளின் தேவையும் இங்கேதான் பிறக்கிறது. அவற்றின் குறையை உணர்த்தும் படைப்பாகத் தீபா தன்ராஜ் இயக்கிய ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ (2011) ஆவணப்படத்தை நாம் கருதுகிறோம்.

பெண்கள் அமர இடமில்லாத அவையில் பெண்ணின் மணவாழ்வு முடிவு செய்யப்படுவதை எதிர்த்து, புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முன்னின்று 2000களின் தொடக்கத்தில் உருவாக்கிய பெண்கள் ஜமாஅத்தே படத்தின் பொருள். இரு தரப்பையும் கேட்பது நீதியின் முதற்படி. அப்படியை அப்பெண்கள் மீட்டெடுத்ததைப் பதிவு செய்தது படத்தின் சிறப்பு. ஆயின் படத்தின் கவனம் வழக்குகளின்மீதே குவிகிறது. கேட்கும் பக்குவத்தை ஒரு தொண்டர் எங்ஙனம் பெறுகிறார் என்ற வினா நம்மிடம் எஞ்சுகிறது.

தம்பதியரிடையே பிளவை அஞ்சினால் இரு குடும்பங்களிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்துமாறு திருக்குர்ஆன் (4:35) பணிக்கிறது. இணக்கம் காணும் நாட்டத்தையும் அங்கே வலியுறுத்துகிறது. நியூசிலாந்து 1989இல் இயற்றிய சட்டம், தவறிழைத்த சிறாரையும் அவர் குடும்பத்தையும் பாதிக்கப்பட்டவரையும் ஒருங்கே அமர்த்தியது. தீங்கைத் தீங்கிழைத்தவரே ஏற்று ஈடுசெய்யும் இந்நெறியைச் சீரமைப்பு நீதி என்பர்.

நல்லெண்ணம் மட்டும் இதற்குப் போதாது. அஞ்சுபவரைத் தனியே கேட்டல், மௌனத்தைச் சம்மதமெனக் கொள்ளாமை, ஊர்விலக்க அச்சத்தால் பெற்ற இசைவை இணக்கமெனக் கருதாமை, வன்கொடுமையைச் சுல்ஹுக்கு உட்படுத்தாமல் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் அனுப்புதல் ஆகியவை பயின்று பெற வேண்டியவை.

பள்ளிவாசல் வளாகங்களில் நீதிமன்றங்களைப் போல் இயங்கும் ஷரீஅத் கவுன்சில்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் தடை விதித்தது. அதைச் சமுதாயத்தின் மீதான தாக்குதலாக மட்டும் காண்பது பொருந்தாது. 2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம், வட்டாரப் பிணக்குகளை இரு தரப்பின் முன்னிசைவோடு மூவர் குழு பேசித் தீர்க்க வகை செய்கிறது. அவ்வுடன்பாட்டை நீதிமன்ற ஆணைபோல் வலிந்து நிறைவேற்ற இயலாது. இருவரும் மனமொப்பினாலன்றி அது நிலைக்காது. ஆகவே நடுவரின் பயிற்சியே அதன் உயிர்.

தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அங்கே உளி பிடிப்பதற்கே ஆண்டுக்கணக்கில் பயில்கின்றனர். பிறர் குடும்பத்தைச் செப்பனிட அமர்வோரிடம் மட்டும் நாம் பயிற்சியைக் கேட்பதில்லை. இனியேனும் கேட்போமாக.