கடைசி அத்தியாயத்தில் பெண்கள் எங்கே போகிறார்கள்?

பிடித்த நாவலின் கடைசி வரியைக் கேட்டால் தமிழ் வாசகருக்குப் பெரும்பாலும் நினைவிருக்காது. கடைசிக் காட்சியைக் கேட்டால் பத்து நிமிஷம் சொல்வார். வாரப் பத்திரிகையில் வளர்ந்த நாவலுக்கு இது இயல்புதான். ‘பொன்னியின் செல்வன்’ 1954இல் முடிந்தபோது, இன்னார் பிறகு என்ன ஆனார் என்று கேட்டவர்களுக்காகக் கல்கி தனியாக முடிவுரையே எழுத வேண்டியிருந்தது. முற்றும் போட்டாலும் விடமாட்டார்கள்!

அதே கல்கி அதற்கு முன்பே காஞ்சிபுரத்தில் ஒரு கதையை அசைக்க முடியாதபடி முடித்திருந்தார். ‘சிவகாமியின் சபதம்’ 1944இல் தொடங்கிய தொடர். வாதாபி எரிந்தாயிற்று, சபதம் நிறைவேறிற்று. ஊர் திரும்பிய சிவகாமிக்கு, அவள் காதலித்த மாமல்லர் பாண்டிய குமாரியை மணந்துவிட்டது தெரியவருகிறது. அழுது தீர்க்கவோ, சமரசம் செய்யவோ, செத்துப்போகவோ கல்கி அவளை விடவில்லை. ஏகாம்பரநாதர் சந்நிதியில் ஈசனையே மணாளனாக வரித்து ஆடுகிறாள். பல்லவச் சக்கரவர்த்தி மாமல்லர் அங்கே வெறும் பார்வையாளர். அத்தியாயத்தின் பெயர் ‘தலைவன் தாள்’. அப்பரின் திருத்தாண்டகத்திலிருந்து எடுத்தது.

பலர் இதைத் திடீர்த் திருப்பம் என்பார்கள். முதல் பாகத்தைத் திரும்பப் புரட்டினால் அப்படித் தோன்றாது. நாவுக்கரசர் முன்னிலையில் சிவகாமி அந்தப் பாடலுக்குத்தான் அபிநயம் பிடித்து மூர்ச்சையாகிறாள். காஞ்சிபுரத்துப் பழைய பட்டில் உடலுக்கு ஒரு நிறப் பாவு, முந்திக்கு வேறு நிறப் பாவு. இரண்டையும் இழை இழையாகச் சேர்த்துத்தான் நெய்வார்கள். காதல் கதைக்குப் பக்தியை முந்தியாக வைத்த கல்கியின் கைவேலையும் அந்த வகை.

இருந்தாலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. சிவகாமிக்குக் கோயில். தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) முடியும்போது அலங்காரத்தம்மாளுக்குக் காசி. ஜெயகாந்தன் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் கங்காவைக் குடியோடும் சிகரெட்டோடும் துணிந்து நிறுத்தியவர், மனசு கேட்காமல் ‘கங்கை எங்கே போகிறாள்’ எழுதி, அவளையும் கங்கை நதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். முதல் முடிவே போதும் என்பேன். ஊர் வகுத்த வழியில் நடக்காத பெண்ணுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு புண்ணிய ஸ்தலம் காத்திருக்கிறது. நா. பார்த்தசாரதியின் நாயகி பூரணி விதிமீறல் எதுவும் செய்யாதவள். அவளுக்கும் காதலன் அரவிந்தனின் சாவும் கைம்மை போன்ற வாழ்வுமே மிச்சம்.

ஜானகிராமனின் ‘மோகமுள்’ விதிவிலக்கு. நாயகன் பாபு இசை கற்கக் கிளம்புகிறான். அவன் காதலித்த யமுனா எந்தத் தீர்த்தத்துக்கும் போக வேண்டியிருக்கவில்லை. அலங்காரத்தைக் காசிக்கு அனுப்பியவரும் இதே ஜானகிராமன்தான் என்பது விநோதம்.

முடிவு என்ற அளவில் என் ஓட்டு அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’க்கு. 1948, ஹைதராபாத். கலவரத்திலிருந்து தப்ப ஒரு வீட்டுக்குள் சந்திரசேகரன் குதிக்கிறான். குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறு பெண் அவன் எதிரே ஆடையைக் களைகிறாள். தெய்வமும் இல்லை, நதியும் இல்லை, ஆறுதலாக ஒரு தேவாரமும் இல்லை. அவன் அருவருப்பில் வெளியே ஓடுகிறான். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர்கூடக் கொடுக்காமல் நாவலை முடித்துவிடுகிறார் அசோகமித்திரன்.