உருண்டை சிக்கும், கம்பி நழுவும்

2019 மார்ச்சில் அமெரிக்காவின் டைசன் நிறுவனம் 69,093 பவுண்டு கோழி இறைச்சியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. உலோகத் துணுக்கு இருந்ததாக வாடிக்கையாளர்கள் இருவர் புகார் செய்திருந்தார்கள். மே மாதத்துக்குள் புகார்கள் ஆறாகிவிட்டன. அவற்றில் மூன்று, வாயில் காயம் பட்டதாகச் சொன்னவை. திரும்பப் பெறும் அளவும் 1 கோடியே 18 லட்சம் பவுண்டைத் தாண்டியது. ஐந்து மாதத்துக்கும் மேலாகத் தயாரான சரக்கு அது. உலோகத்தைக் கண்டுபிடித்தது சாப்பிட்டவர்களின் பற்கள்தான்.

இத்தகைய செய்தி வந்ததும் “மெட்டல் டிடெக்டர் இல்லையா?” என்று கேட்பது வழக்கம். அந்தக் கருவியால் எதைப் பார்க்க முடியும் என்று கேட்பதே பொருத்தம்.

கன்வேயர் பெல்ட்டைச் சுற்றி மூன்று கம்பிச்சுருள்கள் இருக்கும். நடுச்சுருள் காந்தப்புலத்தை உண்டாக்கும். இருபுறச் சுருள்களும் ஒன்றையொன்று சமன்செய்து நிற்கும். உலோகம் கடக்கும்போது அந்தச் சமநிலை குலையும். கிரகாம் பெல் 1881இல் அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேடியதும் ஏறக்குறைய இதே முறையில்தான். கட்டிலின் உலோகச் சுருள்கள் அவரைக் குழப்பியதாகச் சொல்வார்கள்.

இறைச்சித் தொழிற்சாலையில் குழப்புவது இறைச்சியேதான். ஈரமும் உப்பும் சேர்ந்த கறி மின்சாரம் கடத்துவதால், அதுவும் உலோகம் போலவே சைகை தருகிறது. அதைப் புறக்கணிக்கும்படி கருவியைப் பழக்கலாம். ஆனால் உறைந்த கறியின் ஓரம் லேசாக இளகினாலே சைகை மாறிவிடும். நல்ல பொதிகளும் வரிசையாக வெளியே தள்ளப்படும். உற்பத்தி நிற்கக்கூடாது என்ற நெருக்கடியில் யாரோ ஒருவர் உணர்திறனைக் குறைத்துவிடுவார். தவறு அங்கேதான் குடியேறுகிறது.

இன்னொரு சங்கடம் எவர்சில்வர். கத்தி, மேசை, கொத்துக்கறி இயந்திரம் எல்லாம் அதனால் ஆனவை. எனவே உடைந்து விழ வாய்ப்புள்ளதும் அதுவே. ஆலைகளில் புழங்கும் எவர்சில்வர் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, மின்சாரத்தையும் சுமாராகத்தான் கடத்தும். ஆகவே இரும்பு, பித்தளையைவிட அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இந்தக் கருவிகளைச் சோதிப்பது சிறு உலோக உருண்டைகளைக் கொண்டு. உருண்டையை எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். கால்நடைக்கு மருந்து செலுத்தும்போது உடைந்த ஊசியும், வலைப்பின்னல் பெல்ட்டிலிருந்து அறுந்த கம்பியும் அப்படியல்ல. படுத்திருக்கும் திசையைப் பொறுத்து நீளமான கம்பிகூடத் தப்பிவிடும். நிராகரித்த பொதியை மறுபடி பெல்ட்டில் விட்டுத் ‘தேறிவிட்டது’ என்று அனுப்பும் பழக்கத்தை அதனால்தான் மன்னிக்க முடியாது. கம்பி திரும்பிப் படுத்திருக்கும், அவ்வளவுதான்.

டிடெக்டருக்கு மாற்றான எக்ஸ்ரே அடர்த்தியைப் பார்ப்பது. உப்பும் ஈரமும் அதை அவ்வளவாக ஏமாற்றா. அலுமினியத்தாள் உறைக்குள்ளும் ஊடுருவும், கண்ணாடியையும் கல்லையும்கூடக் காட்டும். விலை அதிகம், மெல்லிய கம்பியிலும் இலேசான அலுமினியத் துண்டிலும் அதுவும் தடுமாறும்.

ஆகவே என் தீர்ப்பு இது: கொத்துக்கறிக்கு, உறைக்குள் அடைப்பதற்கு முன்பே, குறுகிய குழாயில் பொருத்திய டிடெக்டர் வேண்டும். கருவியின் வாய் அகலமானால் உணர்திறன் குறையும் என்பதால் கடைசியில் பெரிய பெட்டியைச் சோதிப்பது பலவீனமான காவல். பொதியிட்ட ஈரக்கறிக்கு எக்ஸ்ரே மேல். ஆனால் இரண்டையும்விட எனக்கு மதிப்பாகப் படுவது பன்றிப் பண்ணைகளுக்கென வந்த, டிடெக்டர் எளிதில் உணரும் கலவையாலான ஊசிகள். பிடிபடும் பொருளையே முதலில் பயன்படுத்தும் யோசனை அது. ஓர் ஆலையை எடைபோடச் சொன்னால் கருவியின் சான்றிதழை நான் கடைசியில்தான் கேட்பேன். முதலில் கேட்பது நிராகரிப்புப் பதிவேட்டை: தள்ளிய பொதியை யார் பிரித்தார், உள்ளே என்ன கிடைத்தது, எந்தக் கத்தியின் முனை காணவில்லை.