சம்மதம் என்ற சொல்

பண்டத்தரிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜோன் ஸ்கடரை விடுவதில்லை. 1820இல் அவ்வூரில் குடியேறி வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷன் மருத்துவர் அவர். 1836இல் சென்னைக்குப் போய்விட்டார். அதே மிஷன் வழியாக 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று அவர் பெயர்த்தும் பெயர்ப்பித்தும் வெளியிட்டவை நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். கவிஞர் அம்பி இதை விடாமல் எழுதிவந்திருக்காவிட்டால் நம்மில் பலருக்குக் கிறீன் பெயரே தெரிந்திராது.

ஆனால் கிறீனை வாசித்தவர்கள் பெரும்பாலும் கலைச்சொற்களை எண்ணியதோடு நின்றுவிட்டார்கள். நோயாளியின் மொழியில் படித்த வைத்தியனால்தான் நோயாளியிடம் ஒன்றை விளக்கிச் சொல்லவும், கேட்டு அனுமதி பெறவும் முடியும். அந்த நூல்களுக்குள் இருக்கும் அறம் இது. இதை வைத்து மிஷன் மருத்துவத்தைப் புனிதப்படுத்திவிடவும் வேண்டாம். ஸ்கடரின் மருந்தோடு பிரசங்கமும் துண்டுப் பிரசுரமும் சேர்ந்தே வந்தன. வலியோடு காத்திருப்பவன் எழுந்து போக முடியாத கேட்பாளன். அவன் கேட்டதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஜனாஸா எரிப்புக் காலத்து நமது எழுத்தைத் திரும்பப் படித்தேன். 2020 மார்ச் முடிவில் முதல் முஸ்லிம் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. புதைக்கலாம், எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. நிலத்தடி நீர் கெடும் என்றார்கள் இங்குள்ள நிபுணர்கள். டிசம்பரில் உயர் நீதிமன்றம் மனுக்களைக் காரணம் கூறாமலே தள்ளியது. அதே மாதம் இருபது நாள் குழந்தை ஒன்று எரிக்கப்பட்டது. தகப்பன் கையொப்பமிட மறுத்திருந்தார். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. பிறகு ஓட்டமாவடி.

அந்த மாதங்களில் நாம் எழுதிய கவிதைகளில் நெருப்பு இருக்கிறது, சாம்பல் இருக்கிறது, கபன் துணி இருக்கிறது. கனத்தை மயான வேலியில் மக்கள் கட்டிய வெள்ளைத் துணி அக்கவிதைகளில் பலவற்றைவிடக் கூடுதலாகப் பேசியது என்பேன். கவிஞர்கள் கோபிக்கக்கூடும். அவர்கள் எழுதாமல் விட்டது அந்தப் படிவத்தை. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் எதற்குக் கையொப்பம் கேட்டார்கள்? அதை நீட்டிய மருத்துவர் யார்? அவருக்கு உறக்கம் வந்ததா? நமது கவிதையில் அரசு உண்டு, இறைவன் உண்டு, வைத்தியர் இல்லை. 2021 பிறந்த வேளையில் இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவர் கல்லூரியும் அடக்கம் செய்யலாம் என்று வெளிப்படையாகச் சொன்னதும் நமது எழுத்தில் பதியவில்லை. அந்த மருத்துவர்களை விட்டுவிட்டு எழுதினால், ஒரு மருத்துவ அநீதி மதப் புண்படுத்தலாக மட்டும் சுருங்கிவிடுகிறது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டபோதும் அப்படித்தான் அதை வாசித்தோம்.

ஒருவேளை அந்தப் படிவம் நமக்குப் பழகிப்போனதால்தான் கண்ணில் படவில்லையோ என்னவோ. சில வருடங்களுக்கு முன் உம்மாவுக்குச் சத்திரசிகிச்சை. ஒரு வைத்தியசாலையில் சிங்களத்தில் அச்சிட்ட தாளை நீட்டினார்கள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். தாதி புள்ளிக் கோட்டைக் காட்டி, "இதில் போடுங்கோ" என்றார். போட்டேன். உம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. அவவிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.