பரிசும் இடிபாடும்

நவீனக் கட்டிடங்களைப் பேணுகிறவர்களுக்கு இப்போது பரிசுகள் இருக்கின்றன. யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று 2019-ல் அஹமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்துக்குக் கிடைத்தது. லூயி கான் அமைத்த வளாகம் அது. பரிசு அங்குள்ள விக்ரம் சாராபாய் நூலகத்தின் சீரமைப்புக்கு. மறு வருஷம் டிசம்பரில், அதே வளாகத்தில் கான் கட்டிய 18 விடுதிகளில் 14-ஐ இடிக்க நிர்வாகம் முனைந்தது. எதிர்ப்புக் கிளம்பவே 2021 ஜனவரியில் பின்வாங்கியது. 2022 நவம்பரில் அந்தப் பின்வாங்கலையும் கைவிட்டது.

நிர்வாகம் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. செங்கல் உதிர்கிறது, நீர் கசிகிறது, 2001 பூகம்பம் விரிசல் விட்டிருக்கிறது. ஆனால் நூலகமும் அதே செங்கல்தான். அங்கே குணமானது இங்கே ஏன் தீராததாயிற்று? நூலகம் வளாகத்தின் முகம். விடுதி வெறும் உபயோகம். பரிசு இந்தப் பாகுபாட்டை உண்டாக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு கௌரவம் தந்துவிட்டது என்று எனக்குப் படுகிறது. வகுப்பறைக்கு வெளியே, நிழல் விழும் நடைகளிலும் படிக்கட்டுகளிலும்கூடக் கல்வி நிகழும் என்பது கானின் எண்ணம். விடுதி போனால் அந்த எண்ணம் போகிறது. எஞ்சுவது நல்ல செங்கல் வேலை.

தில்லியில் பரிசின் பாசாங்குகூட இல்லை. ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1972-ல் எழுப்பிய ஹால் ஆஃப் நேஷன்ஸ், 60 வயது நிரம்பவில்லை என்பதால் மரபுச்சின்னம் ஆகவில்லை. 2017 ஏப்ரலில் இடித்தார்கள். வயதுதான் தகுதி என்றால் நவீனம் எப்போதுமே தகுதியற்றதுதான்.

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ரயிலடிச் சாலைகளில், சிமெண்ட் ஜாலியும் நீண்ட சன்ஷேடும் மொசைக் தரையுமாக ஒரு தலைமுறை வீடுகள் ஜாயிண்ட் வென்ச்சருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பெயர் தெரியாத மேஸ்திரிகள் கட்டியவை. வெயிலையும் காற்றையும் யோசித்துக் கட்டியவை. கானுக்காகக் கையெழுத்திட்டவர்கள் இவற்றுக்காக ஒரு வரி எழுதியதில்லை.

நம் விமர்சனமும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஒரு கவிஞனின் இரண்டு கவிதைகளைத் தொகுப்புக்கு எடுத்துக்கொண்டு, அவை வெளிவந்த பத்திரிகையை, அதில் அவனோடு எழுதிய சாதாரணர்களை, நடந்த சண்டைகளைக் கரையானுக்கு விட்டுவிடுகிறோம். தேர்வு விமர்சனத்தின் வேலைதான். தேர்ந்ததைச் சாத்தியமாக்கிய சூழலைப் பதிவு செய்வதும் அதே வேலை. இரண்டாவதை யாரும் செய்யாதவரை, பரிசளிப்பு விழாக்களுக்குக் கைதட்ட எனக்கு மனம் வரவில்லை.