குதிரை நோயும் மார்க்கோ போலோவின் சான்றும்: ஒரு மறுவாசிப்பு

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகள் 16ஆம் நூற்றாண்டு விசயநகரக் கலைக்குச் சான்றாவன. உயிர்க்குதிரைகள் தமிழகத்தில் எவ்வாறு பேணப்பட்டன என்னும் வினாவிற்கோ, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு முற்பட்ட மார்க்கோ போலோவின் குறிப்பே பெரிதும் விடையாக்கப்படுகிறது.

மாபார் எனப்பட்ட பாண்டிய நாட்டில், கடல்வழி வந்த குதிரைகளுள் மிகப் பல ஓராண்டிற்குள் இறந்தன. குதிரை மருத்துவர் இல்லை. சோற்றோடு இறைச்சி கலந்து ஊட்டினர் என்கிறார் அவர். இதைத் தமிழரின் அறியாமைக்குச் சான்றாகக் கொள்வது அரைவாசிப்பே. மருத்துவர் அங்குச் செல்லாதவாறு தடுத்தவர்கள் குதிரை வணிகர்களே என்றும் அவரே கூறுகிறார். இறப்பு மிகுந்தால் விற்பனை மிகும்.

தீவனச் செய்தியை மருத்துவ நோக்கில் ஆராய்தல் வேண்டும். குதிரையின் இரைப்பை சிறியது; குதிரையால் வாந்தியெடுக்கவும் இயலாது. மாவுப்பொருள் மிகின் பெருங்குடலில் அமிலம் பெருகிச் சூலையும் குளம்பழற்சியும் தோன்றலாம். விலாவைத் திரும்பிப் பார்த்தல், முன்காலால் தரையைக் கீறுதல், புரளுதல் ஆகியன சூலையின் குறிகள். ஆயினும் போலோ இறப்பைச் சொல்கிறாரே அன்றி இக்குறிகளைச் சொல்லவில்லை. எனவே சூலையால் இறந்தன எனத் துணிதலும் மிகையே.

மாட்டுவாகடம், அசுவ சாத்திரம் முதலிய பிற்கால ஏடுகளைக் காட்டி அவரை மறுப்பது காலமுரணாகும். அவர் குறிப்பு தெளிவுறுத்துவது வணிக நலனையும் தீவனப் பிழையையுமே. ஓர் இனத்தின் அறிவின்மையை அன்று.