மப்பும் மந்தாரமும்

காக்கநாட்டு இன்ஃபோபார்க் கண்ணாடிக்குள் இருப்பவருக்கு ஆடி வானம் மொத்தமும் ஒரே சாம்பல். ஃபோர்ட் கொச்சியின் வேலிப் பகுதியில், தலைமுறைகளாகத் தமிழ் வண்ணார்கள் துணி வெளுக்கும் தோபிகானாவில் அந்தப் பார்வை செல்லாது. அங்கே நின்றால்தான் நம் சொற்களுக்குப் பொருள் துலங்கும். மப்பு என்றால் துணி கொடியிலேயே கிடக்கலாம், காற்று பார்த்துக்கொள்ளும். மந்தாரம் பிடித்தால் நாளெல்லாம் ஈரம் போகாது. கருக்கிட்டு வந்தால் ஓட வேண்டும். கிளிப் கிடையாது, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் செருகிய துணி ஒரே இழுப்பில் கைக்கு வரும். கருக்கிட்டு வரும் அந்த மேகமே பக்கத்து மலையாளிக்கு மழக்கார். நம் பேச்சிலோ மேகத்துக்குக் கார் என்ற சொல் தனியாக வருவதில்லை. வானிலையாளர்கள் வானத்தை 8 பங்காக்கி மேகத்தை அளக்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல் அந்தக் கணக்கில் சிக்காது: வானம் வெறிப்பது. இரண்டு மழைக்கு நடுவே, திடீரென்று அரைமணி வெயில்.